கடல் பக்கமிருந்து காவிரிக்கு

குடவாசலில் பஸ் வராத ஒரு காலையில்தான் எனக்கு அந்த எண்ணம் பிடித்தது. திருவாரூர் சாலையில் இரண்டு மைல் தள்ளி, தங்களைக் குத்தகை நிலத்தை விட்டுக் கிளப்பப் பார்க்கிறார்கள் என்று ஆட்கள் கொடியோடு நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு வேன் நிறையப் போலீஸ்.

"இன்னிக்கு இல்லம்மா. பறந்துதான் போவணும்" என்றார் கண்டக்டர்.

எனக்குப் பறக்கத் தெரியாது. ஆனால் நாகப்பட்டினத்தில் என் பெரியப்பாவிடம் பாய் கட்டிய படகு ஒன்று இருந்தது. யாரும் மறிக்க முடியாத வழி ஒன்று இருக்கும்போது, பி.ஏ. முடித்துவிட்டு இந்த பஸ் நிலையத்தில் எதற்கு நின்றுகொண்டிருக்கிறேன்?

மறுநாள் பஸ் ஓடியது. நாகைக்கு ஒரு ரூபாய் எழுபது பைசா.

பெரியப்பா பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருஷம் வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடியவர். மேல்மடைக்காரரிடமும் திட்டு, கடைமடைக்காரரிடமும் திட்டு. பெரியம்மா கமலா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மீனவர் குப்பத்தில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். இருவருக்கும் படகு விடக் கற்றுக்கொடுத்ததும் அந்தக் குப்பத்தார்தான். இருவரும் ஓய்வு பெற்றதும் பதினெட்டு அடி நீளப் பழைய படகு ஒன்றை வாங்கினார்கள். பெரியப்பாவுக்கு ஒரே ஆசை. தான் அனுப்பிக்கொண்டே இருந்த தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அதுவும் கடல் பக்கமிருந்து போய், பூம்புகாரில் படகோடு காவிரிக்குள் நுழைய வேண்டும்.

இரண்டு முறை முயன்றாயிற்று. முதல் தடவை நாகூர் தாண்டவில்லை. அடுத்தது காரைக்காலோடு சரி. சென்னையிலிருந்து மகன் இதெல்லாம் வேண்டாம் என்று எழுதி எழுதி ஓய்ந்து, கடைசியில் பெரியம்மாவிடம் வாக்கு வாங்கிவிட்டான்: மூன்றாம் முறையும் பூம்புகார் போய்ச் சேராவிட்டால் படகை விற்றுவிட்டு அவன் வீட்டோடு வந்துவிடுவது. அந்த மூன்றாம் முறைக்குத்தான் நான் போய் ஒட்டிக்கொண்டேன்.

வைகாசி கடைசி. காலை ஆறு மணிக்கு நாகையின் கடுவையாற்று முகத்திலிருந்து கிளம்பினோம். பூம்புகாருக்குக் கடல் வழியாக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று பாயை நிரப்பியது. பெரியம்மா சுக்கானில், பெரியப்பா பாய்க் கயிற்றில். நான் புளியோதரைத் தூக்குக்குக் காவல்.

எட்டரைக்கு நாகூர் மினார்கள் பென்சில் அளவு தெரிந்தன. பதினொன்றுக்குக் காரைக்கால். கரை மெல்லிய பச்சைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எங்கோ அப்பாவின் இரண்டு ஏக்கர் குத்தகை வயல், வெடித்துக் கிடக்கிறது. கரையில் நின்றபோது கடல்மேல் இருந்த ஏக்கம், கடலுக்கு வந்ததும் அப்படியே திரும்பிக் கரையைப் பார்த்துக்கொண்டது. "இங்க வரப்பு இல்ல, பட்டா இல்ல, சர்வே நம்பர் இல்ல" என்றார் பெரியப்பா, யாரிடமோ வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

இரண்டரை மணி. தரங்கம்பாடிக் கோட்டை இடது கையில் தெரிந்தபோது காற்று சட்டென்று நின்றது. மேற்கே கருநீலத்தில் ஒரு மேகம் எழுந்தது.

"கமலா, அங்க பாரு!" பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். "குடவாசப் பக்கந்தான். ஊத்தப் போவுது!"

"நாத்தங்காலுக்கு ஆச்சு. உங்கப்பன் நாளைக்கே ஏர் கட்டலாம்டி" என்றார் பெரியம்மா. நான் கைதட்டினேன். நாலு மாதமாக வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் நாங்கள். எங்கள் ஊரில் கருமேகம் கண்டால் முகம் மலரும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. தூரத்தில் கட்டுமரக்காரர் ஒருவர் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார். அவருக்கும் சந்தோஷம் போலிருக்கிறது என்று நாங்களும் கையாட்டினோம்.

"பாயை இறக்குங்கய்யா! பைத்தியமா புடிச்சிருக்கு!"

அது காதில் விழுந்தபோது மேல்காற்றும் வந்துவிட்டது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரை மொண்டது. பாய் இறங்கவில்லை, கயிறு இறுகிவிட்டது. "வெட்டுங்க, யோசிக்காதீங்க!" என்று பெரியம்மா கத்த, பெரியப்பா படகிலிருந்த அரிவாளால் வெட்டினார். பாய் கிழிந்துகொண்டே விழுந்தது. நாங்கள் வேண்டிய மழை ஊசியாகக் குத்தியது. கரை காணாமல் போயிற்று. காற்று எங்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போனது. நான் புளியோதரையைக் கொட்டிவிட்டுத் தூக்கால் இறைத்தேன், இறைத்தேன், அழுதுகொண்டே இறைத்தேன்.

"அழுதுக்கிட்டே செய், பரவால்ல. நிறுத்தாத" என்றார் பெரியம்மா, பிரசவ வார்டுக் குரலில். சுக்கானை நெஞ்சோடு அணைத்து, படகின் மூக்கை அலைக்கு நேராகவே வைத்திருந்தார்.

நாற்பது நிமிஷம். அதன்பின் வெயில், எதுவும் நடக்காதது மாதிரி. துடுப்புப் போட்டுத் தரங்கம்பாடி மணலில் ஏறியபோது மணி ஐந்தரை. அந்தக் கட்டுமரக்காரர் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

"எந்த ஊரு?"

"குடவாசப் பக்கம்" என்றேன்.

"அதான பாத்தேன். மழையப் பாத்துக் கையாட்டுற ஆளு கடக்கரையில ஏது?" அவர் சிரித்த சிரிப்பில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். வேறு வழி?

மறுநாள் காலை இரண்டு நெல் சாக்கை வைத்துப் பாயைத் தைத்துக் கிளம்பி, பத்தே முக்காலுக்குப் பூம்புகார் எதிரே வந்தோம். பெரியப்பா முன்னால் மண்டியிட்டு ஆற்றின் வாயைத் தேடினார். வாயே இல்லை. கரை நெடுகிலும் ஒரே மணல்மேடு. அதற்கு அந்தப் பக்கம் குட்டை மாதிரி கொஞ்சம் பச்சைத் தண்ணீர், அதில் நாலு கொக்கு.

கரையேறினோம். பெரியப்பா மேட்டின்மேல் நின்று இந்தப் பக்கம் கடலையும் அந்தப் பக்கம் குட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவ்வளவு அனுப்பினேனே கமலா. எங்க போச்சு?"

"சோறா போச்சு. நாம தின்னுட்டோம்" என்றார் பெரியம்மா. சொல்லிவிட்டு அவர் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் எங்களைக் கவனித்துவிட்டு வந்தார். "ஆடியில வாங்க ஐயா. மேட்டூர் தண்ணி வந்து இந்த மேட்டுல முட்டிக்கிட்டு நிக்கும். நாங்க மம்பட்டியால ஒரு கோடு கிழிச்சு விடுவோம். மிச்சத்தை அதுவே வெட்டிக்கும். ஆனா அன்னிக்கு ஆறும் கடலும் மோதுற மோதுல எவனும் படகக் கொண்டாரமாட்டான்."

பெரியப்பா நிமிர்ந்தார். "அந்த மம்பட்டியை நான் புடிக்கலாமா?"

"யாரு வேணாலும் புடிக்கலாம். ஓடத் தெரிஞ்சா போதும்."

அவர்கள் மகனுக்குக் கொடுத்த வாக்குதான் எனக்கு ஞாபகம் வந்தது. பெரியம்மா முகத்தைப் பார்த்தேன். அவர் மணலில் உட்கார்ந்து, மகனுக்கு எழுத வேண்டிய கடிதத்தை வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். "பூம்புகார் வந்து சேர்ந்தோம். அதனால் படகை விற்க வேண்டியதில்லை. ஆற்றுக்குள் இன்னும் போகவில்லை. அதனால் மறுபடி வர வேண்டியிருக்கிறது." என்னைப் பார்த்து, "சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"ரொம்பச் சரி பெரியம்மா."

ஆடிக்கு இன்னும் ஒரு மாதம்தான். பெரியப்பா மேட்டில் நின்று மண்வெட்டியால் முதல் கோடு கிழித்துவிட்டு ஓடுவார். நானும் பெரியம்மாவும் வெளியே கடலில் காத்திருப்போம். முதல் வேகம் அடங்கியதும் எதிர்நீரில் உள்ளே நுழைவோம். அப்போது சுக்கான் என் கையில், பெரியம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். அப்பாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.