தலையணை உறைக்குள் இருந்த சேலை

துறைமுகத்தில் கன்டெய்னருக்குள் ஒரு சாண் இடம்கூட வீணாகாமல் சரக்கு ஏற்ற வைப்பது என் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அடைசலைக் கண்டாலே எனக்கு எரிச்சல். போன வருடம் அம்மா சாத்தான்குளத்தில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, தடுக்க ஆளில்லை என்று வீட்டை ஒழிக்க ஆரம்பித்தேன்.

ஓடாத மிக்ஸி, டேபிள் ஃபேன் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயின. துணிகள் சர்ச்சுக்கு. அம்மாவின் பீரோவில் கீழ்த்தட்டில் ஒரு தலையணை உறை இருந்தது. உள்ளே மடிப்பெல்லாம் நைந்த வெள்ளைப் பட்டுச் சேலை, வெள்ளை ஜாக்கெட், ஒரு ஜோடி சாக்ஸ். தூத்துக்குடி வெயிலில் யார் சாக்ஸ் போடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே அதையும் மூட்டையில் போட்டேன். கொடுத்துவிட்டுப் பெருமையாகத்தான் வந்தேன்.

திரும்பி வந்த அன்றே அம்மா பீரோவைத் திறந்தாள்.

"ஏலே, கீழ்த்தட்டுல இருந்த பொதி எங்க?"

சர்ச்சில் கொடுத்துவிட்டேன் என்றதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அது அவளுடைய கல்யாணச் சேலை. நாசரேத் பக்கம் எங்கள் பெண்கள் பலர் அதைப் பத்திரப்படுத்தி, கடைசியில் அதை உடுத்தி, காலில் சாக்ஸும் போட்டுக்கொண்டுதான் சவப்பெட்டிக்குள் போவார்கள். எந்தத் தட்டில் இருக்கிறது என்று மகளிடம் சொல்லி வைப்பார்கள். மகனிடம் யாரும் சொல்வதில்லை. தங்கைக்குப் போன் செய்தேன். சாக்ஸைப் பார்த்துமா தெரியவில்லை என்று திட்டினாள்.

சர்ச்சுக்கு ஓடினேன். நல்ல சேலைகளை உப்பளத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, நைந்த பட்டுகளை மட்டும் பழைய ஜரிகை வாங்குகிறவரிடம் போட்டிருந்தார்கள். உறையையும் மற்றதையும் திருப்பித் தந்தார்கள். ஜரிகைக்காரரின் பட்டறையைத் தேடிப் பிடித்தேன்.

"அத நேத்தே எரிச்சாச்சு அண்ணாச்சி. எரிச்சாத்தான் ஜரிகையில உள்ள வெள்ளி பிரியும்," என்றார்.

மண்ணுக்குள் போக வேண்டிய சேலை நெருப்புக்குள் போய்விட்டது. என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அம்மாவிடம் மறைக்கவில்லை. புதிது எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. சாக்ஸை மறுபடி உறைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அது உங்க அப்பா எடுத்துத் தந்ததுலே. சரி, நீ ஒண்ணு எடு. ஆனா நான் இருக்க வரைக்கும் என் கண்ணுல காட்டாத."

ஜவுளிக்கடைக்கு மூன்று முறை போய் வெறுங்கையோடு வந்தேன். வெள்ளைப் பட்டு என்றதும் விற்கிற பெண், மகளுக்குக் கல்யாணமா என்று கேட்பாள். நான்காவது முறை ஆமாம் என்று சொல்லி வாங்கிவிட்டேன். அம்மாவின் கண்ணில் படாமல் வைக்க, நான் காலி பண்ணிய வீட்டில் ஒரு மூலை இல்லை. அது என் ஆபீஸ் மேசை டிராயரில், சரக்குப் பட்டியல்களுக்கு அடியில் கிடக்கிறது.

போன வாரம் தங்கையைக் கூப்பிட்டு, எந்த டிராயர் என்று சொல்லி வைத்தேன்.