சாமிக்குச் சூட்டிய பூ

மூன்று ஆண்டுகளுக்கு முன், வைகாசிப் பௌர்ணமிக்கு முந்தைய நாள், மூணாற்றில் மகள் வீட்டில் இருந்தேன். சொந்த ஊரான கொல்லங்கோட்டில், விடியலில் கூடையுடன் இறங்கி, வேலிக்கு வெளியே தலைநீட்டும் பூக்களைப் பூசைக்குப் பறித்துப் பழகியவன் நான். யாரையும் கேட்டதில்லை, யாரும் தடுத்ததுமில்லை.

அடுத்த வீட்டுக்காரர் பௌத்தம் தழுவிய தேயிலை ஃபாக்டரித் தொழிலாளி. கொடுக்கப்படாததை எடுக்க மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன் என்று காலைதோறும் அவர் உறுதி சொல்வது எங்கள் அடுக்களை வரை கேட்கும். பதிகங்களில் உருகி வளர்ந்த எனக்கு அது பள்ளிப் பாடமாகவே தோன்றும். பௌர்ணமித் தியானத்தில் வைப்பதற்காக அவர் ஒரு புத்தர் படம் தீட்டிவந்தார்.

அன்று விடியலில் அவர் வேலிக்கு வெளியே தலைநீட்டியிருந்த வெள்ளை டேலியாப் பூவைப் பறித்துச் சிவன் படத்துக்குச் சூட்டிவிட்டுப் பாட அமர்ந்தேன். வேலியருகே அவர் குரல் கேட்டது.

"ஐயா, இங்கன ஒத்தப் பூ நின்னுச்சே, பாத்தீயளா? புத்தர் கையில அதத்தான் வரையணும்னு, விரியுற வரைக்கும் காத்துக்கிடந்தேன்."

"காத்துல உளுந்திருக்குமுங்க."

எப்படிச் சொன்னேன் என்று இன்றும் விளங்கவில்லை. அவரோ அதை நம்பி, குனிந்து செடியடியில் தேடத் தொடங்கினார்.

பாடினேன். இரண்டாம் அடியோடு நிறுத்தினேன். மீண்டும் தொடங்கினேன், சன்னல் வழியே பார்த்தால், அவர் இன்னும் சருகை விலக்கிக்கொண்டிருந்தார்.

மகள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கப்பா, பாட்டு மறந்துபோச்சுங்களா? உங்களுக்கேவா?"

நண்பகல் வரை வாசலுக்கும் பூசையறைக்குமாக நடந்தேன். மறுநாளைக்குள் அவர் படம் முடிய வேண்டும். ஆனால் சாமிக்குச் சூட்டிய பூவை அந்திக்கு முன் களைவது எங்கள் குடும்பத்தில் பெரும் பிழை. இரண்டில் எந்தப் பிழையைச் சுமப்பது? பூவை எடுத்தேன்.

வேலியோரம் நின்று நடந்ததைச் சொல்லிப் பூவை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கினார்.

"தேட விட்டுட்டு உள்ள போய்ப் பாடுனீயளே ஐயா! எனக்கு இடுப்பே போச்சு."

"தப்புத்தானுங்க. பூவும் வாடிப்போச்சு."

"வாடுனா என்ன? இப்ப இது நீங்க குடுத்த பூ" என்று சிரித்து, வாசலில் வைத்திருந்த படத்தருகே போய்த் தூரிகையை எடுத்தார். மடங்கிய இதழை மடங்கியபடியே வரைந்தார்.

இன்று கேட்டுத்தான் பறிக்கிறேன். ஆயினும் பாட வாயெடுக்கும்போதெல்லாம், சருகை விலக்கும் அந்தக் கைகள் கண்முன் வந்து, இந்தப் பாட்டைப் பாட நீ தகுதியானவன்தானா என்று என் மனம் என்னையே கேட்கிறது.