நாலரைச் சங்கு

பிற்பகல் இரண்டு ஐம்பது. தேயிலை மலையின் வளைவில் முதலில் தெரிந்தது பேருந்தின் கூரையில் கட்டியிருந்த வலைப்பை. அதற்குள் ஆறேழு பந்துகள். கடற்கரைப் பக்கத்து நகரமொன்றிலிருந்து எங்கள் தோட்டத்து மைதானத்தில் விளையாட வந்த அணி அது. வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டதால், இரண்டரைக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் மூன்று ஐந்துக்குத்தான் தொடங்கியது. சனிக்கிழமை. எனக்குப் பத்து வயது.

இரண்டாம் பிரிவு உதைபந்தாட்ட லீக்கின் கடைசி ஆட்டம். வென்றால் எங்கள் அணி முதல் பிரிவுக்கு ஏறும். சமநிலை என்றால் வந்தவர்கள் ஏறுவார்கள். முதல் பிரிவு ஆட்டக்காரர்களுக்குக் கழகம் மாதச் சம்பளம் கொடுக்கும் என்ற பேச்சு இருந்தது. எங்கள் கோல் காப்பாளர் என் தாய்மாமா. கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. ஒவ்வொரு வெள்ளி இரவும் ரயிலேறி வந்து, ஆடிவிட்டு, திங்கள் காலை திரும்புவார். கடையா பந்தா என்று முதலாளி கேட்டுவிட்டாராம். “இன்னைக்கு ஜெயிச்சா நான் கொழும்புக்குப் போக மாட்டேன்க்கா” என்று அன்று காலை அம்மாவிடம் சொன்னார். அம்மா கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இடைவேளை வரை அதே கணக்கு. எல்லோரும் தோடம்பழச் சுளையைச் சப்பிக்கொண்டு நின்றபோது மாமா மட்டும் மலைக்கு மேலே தெரிந்த தொழிற்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, ஓடிப்போய் அப்பாகிட்டச் சொல்லு. நாலரைச் சங்க இன்னைக்கி ஒரு அரை மணி நேரம் பிந்தி ஊதச் சொல்லு.”

அணியைப் பார்த்துக்கொண்ட தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏன்டா, பந்துக்குப் பயப்படாதவன் சங்குக்குப் பயப்படுறியா?”

“எனக்கில்லைங்கையா. இவனுங்களுக்கு” என்று மாமா மற்றவர்களைக் காட்டினார். பதினொரு பேரில் எட்டுப் பேர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள்.

ஆட்டம் நேரத்துக்குத் தொடங்கியிருந்தால் சங்கு ஊதுமுன் முடிந்திருக்கும். மண் சரிவைப் பற்றிப் பேசிய யாருக்கும் அது தோன்றவில்லை.

தொழிற்சாலையில் வேலை விடும் சங்கை ஊதுவது அப்பாவின் பொறுப்பு. உள்ளே தொலைபேசி கொண்டுபோகக் கூடாது என்பதால் ஆள்தான் போக வேண்டும். தொழிலாளர் குடியிருப்பான லயங்களைத் தாண்டி, படிக்கட்டுகளில் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு பன்னிரண்டு. அப்பா எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி கேட்டார்.

“எத்தனைக்கு எத்தனை?”

“ஒன்னுக்கு சைபர். நாங்கதான்.” பிறகு மாமா சொன்னதைச் சொன்னேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து ஜன்னல் வழியே மலையை. மழை இறங்கிக்கொண்டிருந்தது.

“மேல பொம்பளைங்க விடியக்காலையிலேருந்து நிக்கிறாங்க. ஒங்கம்மாவும் அங்கதான் நிக்கிறா. ஒம் மாமன் பந்து பிடிக்கிறதுக்கு அவங்க நனையணுமா?”

“அரை மணி நேரந்தாம்பா.”

“சங்கு நம்ம வீட்டுச் சாமான் இல்ல.”

அதற்குமேல் கேட்கப் பயம். போகவும் மனமில்லை. ஜன்னலோரம் நின்று மைதானத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். நான்கு இருபது. நான்கு இருபத்தைந்து. மாமா இரண்டு முறை பாய்ந்து பந்தைத் தள்ளிவிட்டார். அப்பாவும் ஒரு முறை என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நாலரைக்குக் கைப்பிடியை இழுத்தார்.

அடுத்து நடந்ததை யாரோ தொலைபேசியில் படம் பிடித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அதைப் பலமுறை பார்த்து எண்ணியிருக்கிறேன். சங்கு கேட்டதும் எங்கள் ஆட்டக்காரர்கள் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர் இடுப்பில் கை வைத்தார். ஒருவர் லயத்துப் பக்கம் திரும்பி இரண்டடி நடந்தார். ஒருவர் குனிந்து காலுறையை உருட்டத் தொடங்கினார். எல்லாம் மூன்று வினாடி. எச்சரித்த மாமாவின் தலையும் தொழிற்சாலைப் பக்கம் திரும்பியிருந்தது. வந்தவர்களுக்கு அந்தச் சங்கு வெறும் சத்தம். அவர்களில் ஒருவன் பந்தோடு நேரே ஓடிப்போய் வலைக்குள் தள்ளினான்.

“வேல விட்டுருச்சுடா, எல்லாரும் வீட்டுக்குப் போங்கடா!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்துவதும் அந்தப் படத்தில் கேட்கும்.

ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தது.

அன்று பொழுதுசாய மாமா எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்பா உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அப்பாகிட்டச் சொன்னியா பாப்பா?”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். இவர்களுக்குள் சண்டை வந்துவிடும் என்று பயந்தேன்.

“இல்ல மாமா. வழியில வெளையாடிக்கிட்டு மறந்துட்டேன்.”

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். மாமா அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“விடுக்கா, சின்னப்புள்ள. சொல்லியிருந்தா மச்சான் நிறுத்தியிருப்பாரு.”

அப்பா பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

பெரிய சண்டையிலிருந்து அவரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். தனியாகக் கூப்பிட்டு ஏதாவது சொல்வார், கடையில் பிஸ்கட் வாங்கித் தருவார் என்று ஞாயிறு முழுவதும் அவர் பின்னாலேயே திரிந்தேன். அவர் விறகு பிளந்தார், கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் செய்ததில் எது பிழை என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா திங்கட்கிழமை காலை ரயிலில் கொழும்புக்குப் போனார். அவருடைய பெட்டியை றொசல்ல ஸ்டேஷன் வரை அப்பாதான் தூக்கிக்கொண்டு நடந்தார். அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை.