நெஞ்சின்மேல் வந்து உட்கார்ந்தவள்

என் மனைவி இறந்து சில மாதம் கழித்து என் நெஞ்சின்மேல் வந்து உட்கார்ந்தாள். மத்தியானம் படுத்தால் போதும், வலப்பக்கம் கனக்கும். மூச்சு பாதிவரை போய்த் திரும்பிவிடும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் விலகுவாள். அவள் கனம் எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாள் முதல் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிப் போனவன். அவள் ஏறியதும் டயர் அமுங்குவதை முதுகாலேயே அறிவேன்.

மலேசியாவில், கோலா பிலாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். மற்ற வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் பேய்க்குப் பயப்படுவதுதான் மரியாதை. நானோ வெள்ளிக்கிழமைதோறும் நெத்திலி சம்பலும் கோப்பியும் வைத்துப் படைத்து, அவசரமில்லை, இரு என்று வேண்டிக்கொண்டேன். உயிரோடு இருந்தபோது இவ்வளவு உபசாரம் செய்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

ரெம்பாவிலிருந்து வந்த என் அக்கா, வாசல்படி ஏறவே நான் இளைப்பதைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். சொன்னேன்.

"படையல் போட்டா, போயிட்டு வாம்மான்னு அனுப்பணும்டா. நீ குந்திக்கன்னு பாய் விரிக்கிறியே. முனியாண்டி கோயில்ல கயிறு கட்டிக்க லா."

"கட்டினா அவ போயிருவாளேக்கா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாடகைக் கார் பிடித்து, கோயிலுக்குப் பதிலாக என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கட்டியிருந்தது. காசநோய், மருந்து சாப்பிட்டால் தீருமாம். டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளைதான், மகள் வயது. நுரையீரலுக்குள் நரம்புகள் உண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் அது எவ்வளவு விரிந்தது, எவ்வளவு சுருங்கியது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்றாள். தண்ணீர் அழுத்தியதால் விரிய முடியவில்லை என்ற செய்திதான் எனக்குக் கனமாகத் தெரிந்ததாம். அந்தக் கனத்துக்கு ஆள் பிடித்து உட்கார வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

விலாவில் ஊசி குத்திக் குழாய் விட்டார்கள். தண்ணீர் இறங்க இறங்க இருமல் கிளம்பியது.

"நல்ல இருமல்தான் அங்கிள். மடங்கிக் கிடந்தது விரியுது. அந்த இழுப்பு நரம்புக்குத் தெரியுது, அதான் இருமுறீங்க."

"மெதுவா எடும்மா."

"மெதுவாத்தான் எடுக்கணும். சட்டுனு விரிஞ்சாலும் ஆபத்து."

டாக்டருக்கு இருந்த காரணம் வேறு, எனக்கு வேறு. ஒவ்வொரு இருமலுக்கும் யாரோ என் நெஞ்சிலிருந்து கையூன்றி எழுந்திருப்பதுபோல இருந்தது. குழாயைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீடு திரும்பிய அன்று மத்தியானம் அக்கா பாயை உதறிப் போட்டாள்.

"இப்ப லேசா இருக்கா தம்பி?"

"லேசா இருக்குக்கா."

அவள் சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் மல்லாந்து படுத்து மூச்சை இழுத்தேன். அது எங்கேயும் நிற்காமல் அடிவரை போனது. இன்னொன்று இழுத்தேன். அதுவும் போனது.