கற்பூரப் படகு நின்ற பிறந்தநாள்

1983 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்து, காந்தம், பலூன், லிட்மஸ் தாள் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினேன். மாலை நான்கு மணிக்குச் சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பள்ளிகளிலும் பிறந்தநாள் வீடுகளிலும் சயின்ஸ் ஷோ நடத்துவது என் தொழில்.

அன்றைய வீடு, தேரடியில் கற்பூரக் கடை வைத்திருந்த மாணிக்கத்தினுடையது. மகள் செல்விக்கு ஏழு வயது. எப்போதும் ஷோ முடிந்துதான் டிபன் வைப்பார்கள். மாணிக்கம், “பசங்க பசியோட உக்காரக் கூடாதுங்க” என்று முதலிலேயே வடை போட்டுவிட்டார். நானும் சரி என்றேன்.

கடைசி ஐட்டம் கற்பூரப் படகு. தகரப் படகின் பின்பக்கம் கற்பூரத் துண்டைச் செருகித் தண்ணீரில் விட்டால் தானாக ஓடும். என் பெட்டியிலிருந்த கற்பூரத்தை வைத்து ஒன்று விட்டேன். தாம்பாளத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு பிள்ளைகளிடம் படகுகளையும், மாணிக்கம் ஆசையாகக் கடையிலிருந்து கொண்டுவந்த கற்பூரத்தையும் கொடுத்தேன். ஒரு படகும் நகரவில்லை.

மாணிக்கத்தின் மைத்துனர் தயாளன் வேலூரில் கடை வைத்திருந்தார். அவர் சிரித்தார். “சாரோட கற்பூரம் ஓடுது, மாமாவோடது படுத்துக்கிச்சே! என்னா மாமா, மெழுகு ஜாஸ்தி, கற்பூரம் கம்மியா? கார்த்திகை தீபத்துக்கு உங்ககிட்ட சரக்கு எடுக்கலாம்னு இருந்தேன். யோசிக்கணும்.”

சொந்தக்காரர்கள் முன்னால் மாணிக்கத்தின் முகம் செத்துப்போனது. “சார், இது என் கடைப் பேருங்க” என்றார் மெதுவாக.

என் படகும் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அப்படியானால் கோளாறு தண்ணீரில். குனிந்து பார்த்தேன், மேலே எண்ணெய் மினுமினுத்தது. வடை தின்ற கைகள்! தண்ணீர்மேல் எண்ணெயோ சோப்போ படர்ந்துவிட்டால் கற்பூரத்தால் படகைத் தள்ள முடியாது. தாம்பாளத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினேன். அப்போதும் ஓடவில்லை.

மாணிக்கத்தின் மனைவி பூங்காவனம் தாம்பாளத்தை விரலால் தடவினார். “சோப்பு வழவழப்பு போவலைங்க. குடுங்க இப்படி” என்று வாங்கிப்போய், சாம்பல் போட்டுத் தேய்த்து அலசிக் கொண்டுவந்தார். பிள்ளைகளும் கிணற்றடியில் வரிசையாக நின்று சாம்பலால் கை தேய்த்தார்கள். படகுகளையும் தேய்த்தார்கள். ஷோவிலேயே அதுதான் அவர்களுக்கு அதிகம் பிடித்தது.

கடைப் பொட்டலத்திலிருந்து புதுத் துண்டு எடுத்துச் செல்வி முதல் படகை விட்டாள். சீறிக்கொண்டு போனது. பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடின. வீடே கத்தியது.

“நீங்க ஒரு விரல் வைங்க” என்றேன் தயாளனிடம். வைத்தார். எல்லாப் படகும் அப்படியே நின்றன.

“இப்ப சொல்லு மச்சான், கோளாறு என் கற்பூரத்துலயா, நீ துன்ன வடையிலயா?” என்றார் மாணிக்கம். தயாளன் விரலைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு பெட்டி சேத்தே போடுங்க மாமா” என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் ஷோ, பிறகுதான் டிபன். ஒன்று ஓடாவிட்டால் சரக்கைத் திட்டுமுன் தண்ணீரைப் பாருங்கள்.

மறுநாள் காலை, காபிகூடக் குடிக்காமல் மாணிக்கத்தின் கடைக்குப் போய், அவர் கேட்டுக்கொண்டபடி கல்லாவுக்குப் பக்கத்தில் தாம்பாளம் வைத்துக் கற்பூரப் படகு விட்டேன். வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த தயாளன், எட்டிப் பார்த்தவர்களையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்தார்: “பாருங்க, பாருங்க, கை மட்டும் வெக்காதீங்க!”