ரேடியேட்டரில் கரைத்த மஞ்சள்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எனக்கும் எழுத்துக்கும் அவ்வளவு ஒட்டுறவு கிடையாது. டிப்ளமாவைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதிலேயே நீளமானது கம்பெனிக்குக் கொடுத்த லீவு லெட்டர், அதிலும் பாதி பொய். ஆனால் போன வாரம் அம்மா வாங்கி வரச் சொன்ன மஞ்சள்தூள் பொட்டலம் சட்டைப் பையிலேயே பிரிந்து, அள்ளி எடுத்த கையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. மறுநாள் மெஷின் முன்னால் நின்றபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் கிண்டல் வருகிற வாய்க்கு அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. லைன் லீடர் அக்காவின் கை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எங்கள் லைனுக்கு அவர்தான் லீடர். எங்கள் ஊர் பேரிகை. அங்கே எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். காலை முதல் ஷிப்டுக்குப் போய்ச் சேருகிற மாதிரி எங்கள் ஊரிலிருந்து பேருந்து கிடையாது, கம்பெனி வண்டியும் எங்கள் பக்கம் வராது. அக்காவிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதில் அவரும் நானும் என் கூட்டாளியும் போவோம். வழியில் பாகலூர் வரைக்கும் பனி இறங்கியிருக்கும். இரண்டு பக்கமும் ரோஜாக் கொட்டகைகளின் பிளாஸ்டிக் கூரை ஏரித் தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கும். அக்கா ஸ்டியரிங்கோடு ஒட்டி உட்கார்ந்து, எதிரே லாரி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். அவர் வண்டி பழகி அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

கார் அவருடைய வீட்டுக்காரருடையது. நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். அந்தக் காரில்தான் ரோஜாப் பெட்டிகளை ஓசூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. காரியம் முடிந்த கையோடு உறவுக்காரர்கள் எல்லாம் வண்டியை விற்கச் சொன்னார்கள். அக்கா சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். தொழிற்பேட்டையில் கட்டடம் வராத காலி மனைகளில், ஞாயிற்றுக்கிழமைகளில், தானே ஓட்டிப் பழகினார். கூட உட்கார்ந்து பயந்தது நானும் கூட்டாளியும்தான்.

அந்த ரேடியேட்டர் மாமா காலத்திலேயே ஒழுகும். அதற்கு அவர் செய்த வைத்தியம், எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒழுகினால் மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து ரேடியேட்டருக்குள் ஊற்றிவிடுவார்கள். தூள் ஊறிப்போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், ஒழுகல் நின்றுவிடும். நின்றது போலத் தோன்றும் என்று சொல்லவேண்டும். சில நாளில் வேறு இடத்தில் கசியும், மறுபடியும் ஒரு பொட்டலம். மாமா செய்ததை அக்காவும் அப்படியே செய்தார். விடிவதற்கு முன்னால், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பானட்டைத் தூக்கி வைத்து, வாய் அகலமான டப்பாவில் மஞ்சளைக் கொட்டி, கையை உள்ளே விட்டுக் கரைப்பார். நான் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வெளிச்சத்தில் அவர் மணிக்கட்டு வரைக்கும் மஞ்சளாக இருக்கும்.

"இன்னாக்கா, வண்டி வயசுக்கு வந்துடுச்சா? மைக் செட்டுக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்பேன்.

"உனுக்கு ஒரு பொண்ணு கெடைக்கட்டும்டா, அன்னிக்கி உன் தலைல ஊத்தறேன். இப்ப தண்ணி கேன எடு."

"கெடைக்கற பொண்ணுக்கு இவன் வாய் ஒழுகறத அடைக்க எவ்ளோ மஞ்சள் வேணுமோ," என்பான் கூட்டாளி.

ஒருநாள் நீளக் கரண்டி ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "கரண்டில கலக்கினா கட்டி தங்கிக்கும், நீ தள்ளு," என்று கையைத்தான் விட்டார். நான் கரைக்கிறேன் என்றாலும் விடமாட்டார். அது என்ன பிடிவாதம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ஊரில் புருசன் போனவர்கள் மஞ்சளைத் தொடுவது சமையலோடு சரி. முகத்தில், கையில், காலில் மஞ்சள் தெரியக்கூடாது. யாரும் சட்டம் போட்டுச் சொல்வதில்லை, பார்க்கிற பார்வையே போதும். கேன்டீனில் ஒருநாள், எங்கள் ஊரிலிருந்து வாக்கப்பட்டுப் போய் வேறு லைனில் வேலை செய்கிற ஒரு பெண், சாப்பாட்டுத் தட்டை வைத்தபடியே அக்காவின் கையைப் பார்த்தாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள். ஆனால் மேசை முழுக்கக் கேட்டது.

"ஏங்க்கா, இன்னாது கையில மஞ்ச?"

"வண்டி ஒழுகுது," என்றார் அக்கா. தலையைத் தூக்கவில்லை.

"ரேடியேட்டருக்குக் காமாலை," என்று நான் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் சாப்பிட்டு முடிக்கும் வரை இடது கையைத் துப்பட்டாவுக்குள்ளேயே வைத்திருந்தார்.

கோடை வந்ததும் மஞ்சள் வேலைக்காகவில்லை. பாகலூர் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடும். ஓரமாக நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றிப் போனால் கேட்டில் லேட். லீடரே லேட்டாக வந்தால் எப்படி என்று மேலே கேட்க ஆரம்பித்தார்கள். அப்போது அக்காவின் கொழுந்தனார் காவேரிப்பட்டினத்திலிருந்து வந்தார். கெட்டவர் இல்லை, அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவர். வேலையும் வேண்டாம், வண்டியும் வேண்டாம், எங்களோடு வந்து இருங்கள் என்பது அவர் பேச்சு. அத்திப்பள்ளியில் ஒருவர் காரை வாங்கத் தயாராக இருந்தார். ஒழுகலை மட்டும் நிறுத்திக் கொடுத்தால் போதுமாம். வண்டி போனால் முதல் ஷிப்ட் போகும், ஷிப்ட் போனால் லீடர் வேலை போகும், அதற்குப் பிறகு பேரிகையில் தனியாக இருப்பதற்கு அக்காவுக்கு ஒரு காரணமும் மிஞ்சாது. இது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

வாரக் கடைசியில் பாகலூர் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் பாய் ஷெட்டுக்கு வண்டியை விட்டோம். பாய் ரேடியேட்டரைக் கழற்றி வெளியே போட்டு, கீழ்த் தொட்டியைச் சூடு காட்டிப் பிரித்தார். உள்ளேயிருந்து மஞ்சள் சேறு கனமாகச் சரிந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"இன்னாம்மா இது, ரேடியேட்டர்ல கொழம்பு வெச்சிருக்கீங்க?" என்றார் பாய்.

நான் சொல்லியிருக்கவேண்டிய ஜோக். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு வழி இருக்குதும்மா. அடைப்பக் குத்தி எடுத்துட்டு ஈயம் வெச்சி ஓட்டைய அடைச்சித் தரேன், ஓடும். ஆனா ஏத்தத்துல நின்னுபோச்சின்னா என்னக் கேக்கக் கூடாது. இல்லியா, புதுசு போட்டுக்குங்க. வண்டி இருக்கற வரைக்கும் அந்தப் பக்கம் பாக்கவே வேணாம்."

கொழுந்தனார் போனில் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார், அத்திப்பள்ளிக்காரரிடம். போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஈயமே வெச்சிடுங்க பாய். விக்கற வண்டிக்குப் புதுசு எதுக்கு?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி அக்காவிடம், "கையப் பாத்தீங்களா அண்ணி? காரியம் முடிஞ்சி வருசம் திரும்பல. ஊர்ல இன்னா பேசிக்கறாங்கன்னு தெரியுமா? எனுக்குத்தான் தலையத் தூக்க முடியல," என்றார்.

"தெரியும் தம்பி."

அக்கா குந்தி உட்கார்ந்து தரையில் கிடந்த சேற்றைப் பார்த்தார். மேலே இருந்தது பளிச்சென்ற மஞ்சள், அடியில் இருந்தது கருத்து, கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. விரலால் அந்தக் கருத்த பக்கத்தைத் தொட்டார். "அடில இருக்கறது உங்கண்ணன் கரைச்சது," என்றார். கொழுந்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று போய் முடிந்ததும் அக்கா எழுந்தார்.

"புதுசே போடுங்க பாய்."

"அண்ணி…"

"வண்டிய விக்கல தம்பி. அவருகிட்ட சொல்லிடுங்க, பாவம், காத்துக்கினு இருக்கப்போறாரு. நான் காவேரிப்பட்டினத்துக்குப் பண்டிகைக்கு வரேன். இந்த வண்டிலயே வரேன்."

கொழுந்தனார் போனைக் காதில் வைத்து, ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். புது ரேடியேட்டர் வந்து, பாய் அதைப் பொருத்தி, பச்சை நிறத்தில் கூலண்ட் ஊற்றி முடிக்கிற வரைக்கும் கூடவே இருந்து, கிளம்பும்போது டயரில் காற்று இருக்கிறதா என்று காலால் உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

பாய் சோப்புத்தூள் கொடுத்தார். அக்கா குழாயடியில் கை கழுவினார். எண்ணெய் போனது, மஞ்சள் ரேகைகளில் தங்கிவிட்டது. அதைத் தேய்க்காமல் விட்டு, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ் ஏற்றிவிட்ட பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. எப்போதோ மாற்றியிருக்கவேண்டிய ரேடியேட்டர் அது. பாயே பல தடவை சொல்லியிருக்கிறார். சோம்பல் என்றோ, செலவு கையைக் கடிக்கிறது என்றோ நாங்கள் நினைத்தோம். நான் வாங்கிக் கொடுத்த கரண்டியை அவர் ஏன் தொடவில்லை என்பதற்கு இப்போது காரணம் தெரிந்தது. ஊர் கொடுக்காத மஞ்சளை அந்த ஓட்டை ரேடியேட்டர்தான் அவருக்கு விட்டுவைத்திருந்தது. கேட்டால் சொல்ல ஒரு காரணம் இருந்தது. வண்டியை வைத்துக்கொள்ள அந்தக் காரணத்தை அவரே ஷெட்டில் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். இது என் ஊகம்தான். அவரிடம் நான் கேட்டதில்லை, கேட்கிற அளவுக்கு எனக்கு வாய் நீளம் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

வண்டி ஏற்றத்தில் சத்தமில்லாமல் ஏறியது. முள் நடுவிலேயே நின்றது. கேட்டுக்கு முதல் ஆளாகப் போனோம். அக்காவின் கையில் நாளுக்கு நாள் மஞ்சள் வெளுத்து, ஒருநாள் வெறும் கையாகிவிட்டது. காரில் அவர் பேச்சும் குறைந்துபோயிற்று. எனக்கு என்ன பேசுவதென்று தெரியாமல், கூட்டாளியின் மூக்கைப் பற்றி வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை. அக்கா கியர் போடும்போது பார்த்தேன், கை மஞ்சளாக இருந்தது. விரல் இடுக்கு வரைக்கும், நன்றாகக் கரைத்துப் பூசிய மஞ்சள். புது ரேடியேட்டரும் ஒழுகுதா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பின் சீட்டிலிருந்து கூட்டாளி என் தோளை அழுத்தினான். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய ஒரே கிண்டல் அதுவாக இருக்கும்.

மத்தியானம் கேன்டீனில் அதே பெண் வந்தாள். "இன்னாக்கா, வண்டி இன்னுமா ஒழுகுது?"

அக்கா கை சோற்றிலேயே நின்றது. எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், வண்டியில் ஒரு சொட்டு கசிவு இல்லை.

"ஐயோ, அத ஏன் கேக்கறீங்க," என்றான் கூட்டாளி. "ரொம்ப மோசம்க்கா."

"புதுசு போட்டும் நிக்கல," என்றேன் நான். "காலைல நான்தான் டார்ச் பிடிச்சேன். அருவி மாதிரி கொட்டுது."

அக்கா ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். இடது கை மேசைமேலேயே இருந்தது.

போன வருசம் அவரை எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில் இருக்கும் புது யூனிட்டுக்கு சூப்பர்வைசராக மாற்றிவிட்டார்கள். கூட்டாளியும் அங்கேதான். இப்போதும் அதே காரில்தான் இரண்டு பேரும் போகிறார்கள். நான் பழைய யூனிட்டில், புதிதாக விட்டிருக்கும் கம்பெனி பஸ்ஸில் யாரோ ஒருவரின் தோளில் தூங்கிக்கொண்டு போகிறேன். இதை எழுதி முடித்ததும் கூட்டாளிக்கு அனுப்பி, அக்காவுக்குப் படித்துக் காட்டு, அவர் சரி என்றால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

சாயந்திரம் அவனிடமிருந்து பதில் வந்தது: "படிச்சுக் காட்டினேன்டா, கையத் துப்பட்டாக்குள்ள வெக்கவே இல்ல, அனுப்பிக்கன்னு சொல்ட்டாங்க."