நால்வர் முத்திரை

சிட்லபாக்கம் சத்யநாராயணன் தேவைகளை எழுதுகிற உத்தியோகத்தில் வெகுகாலமாக இருக்கிறார். வாடிக்கையாளருக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்று கேட்டு, 'இருத்தல் வேண்டும்', 'இருத்தல் கூடாது' என்று பக்கம் பக்கமாக எழுதித் தருவார். அவருக்கே வேண்டியது எதுவும் இதுவரை எந்தப் பக்கத்திலும் ஏறியதில்லை. அந்தக் குறை தீர, விடுமுறை நாட்களில் சமூக சேவையில் இறங்கினார்.

சேவை இதுதான்: கணினி ஓடத் தேவையான மென்பொருள்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, சோதித்து, மின் முத்திரை குத்தி, கேட்கிறவர்களுக்கு இணையம் வழியே இலவசமாக அனுப்புவது. முதலாளி கிடையாது, நாலு பேர் கூடி நடத்துகிறார்கள். 'கூழாங்கல்' என்று பெயர். முத்திரை இல்லாத பொட்டலத்தைக் கூழாங்கல் கணினி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

இதற்கான தேவை ஆவணத்தையும் சத்யநாராயணனே எழுதினார். யாராவது இருவர் முத்திரையிட்டால் போதும் என்றுதான் முதலில் எழுதினார். எந்த இருவர் என்று கேள்வி வந்தது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் கூடிய கூட்டம் அது. யார் மனமும் புண்படக் கூடாதென்று, நால்வரும் முத்திரையிட்டால்தான் பொட்டலம் நகரும் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

ஒரு ஞாயிறு காலை, பொங்கல் வடையோடு கூடி, தமிழ் எழுத்துருப் பொட்டலம் ஒன்றுக்கு நால்வரும் முத்திரையிட்டார்கள். திரையில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. அச்சடித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வடை சூடாக இருந்தது.

மறுநாள் யூனிஸ் போன் செய்தார். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். சத்யநாராயணனின் பேச்சை நம்பிக் கடைக் கணினியைக் கூழாங்கல்லுக்கு மாற்றியவர். கூட்டங்களில் 'நம் பயனர்கள்' என்று பன்மையில் முழங்கினாலும், சத்யநாராயணனுக்கு முகம் தெரிந்த பயனர் இவர் ஒருவர்தான்.

"சார், இன்னா சார் இது? பேப்பர் பூரா கட்டம் கட்டமா வருது. நாளைக்கு வேலைவாய்ப்பு முகாம். பயோடேட்டா எடுக்க ஜனம் லைன்ல நின்னுகினு கீது."

"பதறாதீங்கம்மா. பழைய பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிடறேன்."

"சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா பழைய சிஸ்டத்தையே போட்டுக்குவேன். கோச்சுக்காதீங்க."

பதற வேண்டாம் என்று சொன்னவர் காபியைக் குடிக்காமலே எழுந்தார். திருப்பி அனுப்பவும் புதிதாக நாலு முத்திரை வேண்டுமே! வயிறு சரியில்லை என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினார். அதில் பொய்யும் இல்லை. தம் முத்திரையைக் குத்திவிட்டு, மற்றவர்களைப் போனில் கேட்டால் 'பாக்கலாம்' என்பார்கள் என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

கோவிலம்பாக்கம் துரைராஜின் அப்பா காலத்து வயல்கள் இப்போது வாடகை வீடுகளாக விளைகின்றன. அவருடைய முத்திரை ஒரு பென்டிரைவில், பூஜை அறையில் இருந்தது. ஆயுதபூஜைக்கு அவர் மனைவி ஜெயக்கொடி அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார், பென்டிரைவின் வாயெல்லாம் குங்குமம். மூவரும் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டினார்கள்.

"எங்க வூட்ல சாமியா கும்பிட்ற பொருள் சார், மெதுவா" என்றார் துரைராஜ். மெதுவாகச் சுரண்டச் சுரண்ட சத்யநாராயணனுக்கு வியர்த்தது. ஒருவழியாக முத்திரை விழுந்தது.

சிறுசேரி வளாகத்தில் வேலை பார்க்கும் சுப்ரஜாவோ பென்டிரைவை உள்ளே கொண்டுபோக முடியாததால் ஸ்கூட்டி டிக்கியில் வைத்திருந்தாள். மதிய உணவு நேரத்தில் ஓடிவந்து, ஸ்கூட்டி சீட்டிலேயே மடிக்கணினியை வைத்து முத்திரையிட்டாள். "சார், தோத்தாத்ரி சார் சைன் பண்ணிட்டாரா?" என்று கேட்டாள். சத்யநாராயணன் சேலையூர் பக்கம் ஸ்கூட்டரைத் திருப்பினார்.

சேலையூர் தோத்தாத்ரி ஓய்வுபெற்றவர். கூழாங்கல் இணையப் பக்கத்தில் தம் பெயர் கடைசியில் இருப்பதைக் கண்டு கொஞ்ச காலமாக மௌனம் காத்துவந்தார்.

"வாங்கோ. கடைசி ஆள் ஞாபகம் வந்துதா?"

"சார், அது அகரவரிசை."

"அகரவரிசைன்னு கூட்டத்துல வெச்சேளா? தீர்மானம் எங்கே?"

"உங்க பேரை முதல்ல போட்டுடறேன் சார். இப்பவே."

"பக்கத்தை மாத்தணும்னா அதுக்கும் நாலு முத்திரை. நானே முத்திரை குத்தி என் பேரை மேலே ஏத்திண்டேன்னு நாளைக்கு ஊர் சொல்லும். எனக்கு அவ்வளவு அல்பத்தனம் கிடையாது."

முதலில் போட்டாலும் குற்றம், கடைசியில் போட்டாலும் குற்றம். சத்யநாராயணன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மேடவாக்கம் சிக்னல் மறுபடி சிவப்பு காட்டியது. நின்றபடியே, மற்ற மூவரும் முத்திரையிட்டாயிற்று என்று கூழாங்கல் பயனர்களின் வாட்ஸப் குழுவில் தட்டிவிட்டார்.

யூனிஸ் கடை வாசலில் வரிசை படிக்கட்டைத் தாண்டியிருந்தது. "பழைய சிஸ்டம் போடற ஆளுக்குச் சொல்லிட்டேன் சார், வந்துகினே இருக்கான்" என்றார் யூனிஸ்.

"பத்து நிமிஷம் குடுங்கம்மா. நாலு பேர் முத்திரை வேணும், மூணு ஆச்சு."

கணினிமுன் உட்கார்ந்த சத்யநாராயணன் போனைப் பார்த்தார்; நாலாவது முத்திரை இன்னும் வரவில்லை. பிறகு, தாம் எழுதிய ஆவணத்தில் 'ஒருபோதும் செய்தல் கூடாது' என்றிருந்த ஒன்றைச் செய்தார். முத்திரை பார்க்கும் ஏற்பாட்டையே அணைத்துவிட்டு, பழைய பொட்டலத்தைக் கையால் நுழைத்தார். அச்சு இயந்திரம் முனகிற்று. தாள் வெளியே வந்தது: எழுத்து, நல்ல தமிழ் எழுத்து. வரிசையில் ஒருவர் கைதட்டினார்.

அப்போது போன் குலுங்கியது. குழுவில் மூவருக்கும் வாழ்த்துகள் குவிந்ததைக் கண்ட தோத்தாத்ரி, தம் பெயர் விட்டுப்போவது பொறுக்காமல் முத்திரையிட்டுவிட்டார். பொட்டலம் ஊரெங்கும் கிளம்பிவிட்டது.

சத்யநாராயணனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்தக் கடைக் கணினியின் வாசல் இப்போது திறந்துகிடக்கிறது. எவன் கட்டிய பொட்டலமும் உள்ளே வரலாம். வருகிற ஜனங்களின் ஆதார் நம்பர் முதல் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு மட்டும் திரும்ப ஆன் பண்ணிடறேன். ரெண்டு நிமிஷம்."

யூனிஸ் விசைப்பலகையின்மேல் கையை விரித்து வைத்தார். "ஓடிகினு கீறத தொடாதீங்க சார். ஜனம் போவட்டும்."

"அதுக்குள்ள ஏதாச்சும் உள்ள வந்துட்டா?"

"காலையிலேந்து கட்டம்தான் வந்துச்சு. அதுக்கு மேல இன்னா வரப்போவுது?"

சத்யநாராயணன் எழுந்துபோய், இணைய வயரை மட்டும் சத்தமில்லாமல் பிடுங்கினார். யூனிஸ் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அச்சு நிற்கவில்லை.

"கூட்டம் கொறஞ்சதும் சொல்றேன், வந்து சரி பண்ணுங்க" என்றார். "ஆனா நீங்க மட்டும் வாங்க சார். மிச்சம் மூணு பேரையும் இட்டாந்துடாதீங்க."

சத்யநாராயணன் தலையாட்டினார். வயரைக் கையில் பிடித்தபடி, கடை ஸ்டூலில் வரிசை முடிகிற வரை உட்கார்ந்திருந்தார்.